பட்டனை அமத்தினா புஹாரி

மாத்தளை
17.09.2007

அன்பு மகன் இத்ரூஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட காவல்ல இங்க எல்லாம் சுகம், உன் உம்மாட முழங்காலையும் என்ட மானத்தையும் தவிர. கத்தார் வெயில்ல நோன்பு பிடிக்கிற உனக்கும் அவன் சுகத்தைத் தரட்டும். போன்லயே சொல்லலாம், ஆனா கார்டு முடியிறதுக்குள்ள உன்னை ஏசி முடிக்க ஏலாது, அதனால நாளைக்கு அங்க திரும்பி வாற பக்கத்து வீட்டு ஜுனைதீன்ட கையில இதைக் குடுத்து விடுறேன், வழி நெடுக ஆமி செக்கிங்னு அவன் சுபஹுத் தொழுகையோடயே கிளம்புறான்.

பள்ளிவாசல் கம்பியூட்டர்ல நோன்புக் கஞ்சி முறையை நாள்வாரியா எக்செல்ல ஏத்தி வச்சது நீ. பில்டர் போட்டா அன்னைக்குக் கஞ்சி குடுக்கிற வீடு மட்டும் நிக்கும், மத்ததெல்லாம் மறையும், அதை ஒரு தரம் மேக்ரோவா ரெகார்ட் பண்ணினா பிறகு பட்டனை அமத்தினாலே போதும் வாப்பான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னதும் நீ. தலைநோன்பு அன்னைக்கு அப்படியே செஞ்சேன். புஹாரிட பேர் நின்னுச்சு, கஞ்சி மணத்துச்சு, நானும் கமிட்டிக்கு முன்னால நெஞ்சை நிமித்தினேன். ரெண்டாம் நாள் அமத்தினேன், திரும்பவும் புஹாரி. அவன்ட கடை நல்லா ஓடுது, மனுஷன் ரெண்டு நாள் கேட்டிருப்பான்னு நானே தீர்ப்புச் சொல்லி ஆள் அனுப்பினேன். மூணாம் நாளும் புஹாரி! அரிசி, இறைச்சியோட வந்து இறக்கிட்டு, என்ட வீடு என்ன பள்ளிக்குச் சமைக்கிற குசினியா ஹனீபா நானா, ஊர்ல வேற முஸ்லிமே இல்லையான்னு அவன் போட்ட சத்தத்துல அசந்து படுத்திருந்த மோதினார் பாங்கு சொல்ல எழும்பிட்டார்.

பிறகுதான் விளங்குச்சு, நான் ரெகார்ட் பண்ணினது தலைநோன்புத் திகதியை. அந்த முஸீபத்துப் பிடிச்ச மேக்ரோ நாள் மாறினதைப் பார்க்காம, முதல் நாள் காட்டிக்குடுத்ததையே கிளிப்பிள்ளையாட்டம் காட்டுது. பில்டரைக் கழட்டிப் பார்த்தா மூணாம் நோன்பு பலீல் மாமாட வீடு. அவர் மௌத்தாகி வாற முதல் நோன்பு மாசம் இது மகன். ஓடினேன். ஸுலைஹா மாமி அரிசியை ஊறப்போட்டு, தேங்காய் திருவி வச்சிட்டு வாசல்ல நிக்கிறா. அவர் போனதோட எங்க வீட்டையும் ஜமாஅத்துல இருந்து வெட்டிட்டீங்களா நானான்னு கேட்டா. வெட்டல்ல தங்கச்சி, மறைஞ்சுதான் இருக்குன்னு நான் விளக்கம் சொல்லப்போக, உயிரோட உள்ள மனுஷரை மறைக்கிறதுக்கும் மெஷின் வாங்கிட்டீங்களான்னா. உன் எக்செல்ல அதுக்குப் பதில் இருந்தா எழுதி அனுப்பு.

அப்பவே அடுப்பைப் பத்த வச்சா. ராவைக்குத் தராவீஹ் தொழுது முடிஞ்சு வாறவங்களுக்கு அவர் பேர்ல குடுக்கணும், சட்டியைத் தூக்குறது நீங்கதான்னா. தூக்கினேன், இன்னும் இடுப்பு நிமிரல்ல. ஆனா ஊரே புஹாரிட இறைச்சிக் கஞ்சியில வயிறு முட்டி ஏப்பம் விடுது, ஒவ்வொருத்தனா செருப்பைத் தேடுறான், எவனும் கோப்பையை நீட்டல்ல, மாமி மதிலுக்கு அங்கால நின்னு பார்த்துட்டு இருக்கா. புஹாரி நேரா வந்தான், ஏசத்தான் வாறான்னு நினைச்சேன். மூணு நாளா என்ட கஞ்சியவே குடிச்சு நாக்கு செத்துப்போச்சு, ரெண்டு அகப்பை நிறைய ஊத்துங்கன்னு ஊருக்கே கேக்கச் சொன்னான். அதோட எல்லாரும் அவனுக்குப் பின்னால வரிசை கட்டிட்டாங்க. மாமிக்கு வெறுஞ்சட்டியைத்தான் திருப்பிக் குடுத்தேன். மூணாம் நோன்பு இனி என்ட முறை, என்ட பேரையே போடுங்கன்னா. போட்டுட்டேன்.

அந்த மேக்ரோ அன்னன்னைக்குத் திகதியை அதுவாப் பார்க்கிற மாதிரித் திருத்தி அனுப்பு. அதுவரைக்கும் நான் வீடு வீடா நடந்தே போய்ச் சொல்றேன், உன் உம்மாவுக்குச் சிரிப்பு அடங்கல்ல. சஹர் சாப்பாட்டுக்கு வெறும் டீயோட படுக்காதே. அல்லாஹ் உன் தொழிலுக்கும் உடம்புக்கும் பரக்கத்துச் செய்யட்டும். மறக்காம ஸுலைஹா மாமிக்குப் போன்ல ஒரு கோல் எடு, மாமாவைப் பத்திக் கதை, பில்டரைப் பத்தி வாயே திறக்காதே.

துஆவோட,
பட்டனுக்குப் பயந்த உன் வாப்பா,
ஹனீபா