மீன்கொத்திக்கு அரை இன்ச் கூடுதல்

என் அருமை வாலுப் பொண்ணுக்கு,

அம்மா எழுதறேன். இங்க நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், என் முட்டி மட்டும் மாடிப்படியைப் பார்த்தா முரண்டு பிடிக்குது, மத்தபடி ஒரு குறையும் இல்லை. நீ நல்லா இருக்கறதா போன்ல சொல்றே, போன்ல எல்லாருமே நல்லாத்தான் இருக்காங்க, அதனால காகிதத்துலயும் ஒரு தடவை கேட்டுக்கறேன், நல்லா இருக்கியா. வேலைக்கு நடுவுல டீயைக் குடிச்சு வயித்தை ஏமாத்தாதே. என் பொண்ணு விமானத்துக்கு அடியில படுத்துக்கிட்டு நட்டு முடுக்கறா, அவ சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் அது பறக்கும்னு என் தையல் கடைக்கு அளவு கொடுக்க வர்ற ஒருத்தரையும் விடாம சொல்லிக்கிட்டிருக்கேன். அப்பாவுக்கு அது காது புளிச்சுப் போச்சு.

நாலு மாசம் முன்னாடி நீ பேசினப்போ ஒண்ணு சொன்னே. சக்கரத்துக்குப் பின்னாடி கை எட்டாத இடத்துக்குன்னு நீயே புதுசா ஒரு ஸ்பேனர் வரைஞ்சு மேலாளர்கிட்ட கொண்டு போனதாவும், இது புஸ்தகத்துல இல்லையேன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னதும் நீ தாளை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு வந்துட்டதாவும். பேசாம வந்துட்டேம்மான்னு சொல்லிச் சிரிச்சே. எனக்குச் சிரிப்பு வரல. அப்படிப் பேசாம வர்றதுக்கு உன்னை யார் பழக்கினாங்கன்னு எனக்குத் தெரியும். வேற யாரு, நான்தான்.

உனக்கு அப்போ பதினாலு வயசு. நூலகத்து மாடியில, சின்னச் சின்ன விமானம் கப்பல்னு ஒட்டிச் செய்யறவங்களோட மாடல் சங்கம் நடத்தற கண்காட்சிக்குப் பேர் கொடுக்கப் போனோம். உன் கையில பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யற மாடல் பெட்டி ரெண்டு, ஒண்ணுல ஒத்தை இன்ஜின் போர் விமானம், இன்னொண்ணுல ரெட்டை இன்ஜின். ரெண்டையும் வெட்டி ஒட்டி கப்பல்ல இருந்து பறக்கற மாதிரி ஒண்ணு பண்ணப் போறேன், எந்த நாட்டுலயும் இது கிடையாது, இருந்திருந்தா இப்படித்தான் இருக்கும்னு கோடு போட்ட தாள்ல படம் வரைஞ்சு மீன்கொத்தின்னு பேரும் வச்சிருந்தே. சங்கத்துச் செயலாளர் நம்ம பல் டாக்டர், இல்லாத விமானத்துக்கு எதை வச்சும்மா மார்க் போடறதுன்னு கேட்டார். நீ என் மூஞ்சியைப் பார்த்தே. நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், வான்னு உன் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பெட்டிகளை நீ தொடவே இல்லை. பதினோரு வருஷம் பீரோ மேலயே கிடந்துச்சு.

இப்போ கோவப்படாம படி. அந்த ரெண்டு பெட்டியையும் இறக்கி வெட்டிட்டேன். உன்னைக் கேட்காம செஞ்சது தப்புதான், கேட்டா வேணாம்மான்னு சொல்லியிருப்பே. உன் படத்தைத் தையல் மேஜை மேல ஒட்டி வச்சுக்கிட்டு, ஒத்தை இன்ஜின் விமானத்துல முன்பாகம், ரெட்டை இன்ஜின்ல பின்பாகம்னு எடுத்துக்கிட்டேன். கப்பல்ல இடம் போதாது, றெக்கை மேல மடியணும்னு நீ அம்பு போட்டிருந்தே, அதுக்குக் குண்டூசியை நறுக்கிக் கீல் வச்சேன், நல்லா மடியுது. இறங்கறப்போ கப்பல் மேல கட்டியிருக்கற கம்பியைப் பிடிச்சு நிக்க வால்ல ஒரு கொக்கி வேணும்னு எழுதியிருந்தே. அந்தக் கொக்கி பெட்டியில இல்லைன்னு அப்பா அட்டையை எல்லாம் கவிழ்த்துத் தேடினார். நாப்பது வருஷமா ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கறவ வீட்டுல கொக்கிக்கா பஞ்சம்.

ஆனா ஒரு இடத்துல நல்லாச் சொதப்பினேன். கைப்பழக்கம் விடுமா, முன்பாகத்துல கோட்டுக்கு வெளியே கால் இன்ச், பின்பாகத்துல கால் இன்ச், தையலுக்கு விட்டு வெட்டிட்டேன். துணின்னா உள்ள மடிஞ்சுக்கும், பிளாஸ்டிக் எங்க மடியும். பசை காஞ்சு இறுகினப்புறம் டேப்பை வச்சுப் பார்க்கறேன், உடம்பு அரை இன்ச் கூடுதல் நீளம். அப்பா சிரிச்ச சிரிப்பு இருக்கே, வளர்ற பிள்ளைன்னு பிரிச்சு விட இடம் வச்சுத் தைச்சியான்னு கேட்டார். ரெண்டு நாள் அவர்கூட நான் பேசல. மறுபடி அறுத்தா உடைஞ்சிடுமோன்னு பயம், வேற பெட்டி வாங்கினா அது உன்னோடது ஆகாது. சரி இருந்துட்டுப் போகட்டும்னு மூட்டுல சந்து அடைக்கற மக்கு வச்சு, தண்ணியில நனைச்ச உப்புத்தாளால தேய்ச்சு, கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவிப் பார்த்து, நெருடற இடத்துல மறுபடி தேய்ச்சேன். நகம் போனதுதான் மிச்சம். அப்பா வேலை பார்க்கற இடத்துல லிப்ட் கதவுக்கு அடிச்சு மீந்த சாம்பல் பெயிண்ட்டைக் கொண்டு வந்தார், சும்மா சொல்லக் கூடாது, கடல் நிறம்தான். வால்ல ஒரு மீன்கொத்தி வரைஞ்சேன். அது காக்கா மாதிரி இருக்குன்னு சொன்ன வாய்க்கு அன்னைக்கு டீ கிடையாது.

போன வாரம் அதை எடுத்துக்கிட்டு நூலகத்து மாடி ஏறினேன். அதே பல் டாக்டர், தலை மட்டும் நரைச்சிருக்கு. திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இது எந்த நாட்டுக் கப்பற்படைன்னார். எங்க வீட்டுக் கப்பற்படைன்னேன். சிரிச்சார், ஆனா சிரிச்சுட்டு அதே கேள்வியைக் கேட்டார், இல்லாத விமானத்துக்கு எதை வச்சு மார்க் போடறதுன்னு. ஆனா இந்தத் தடவை நான் நகரல. டாக்டர், நீங்க பல் செட்டு கட்டறீங்களே, அது அந்த வாயில முன்னாடி இருந்த பல்லா, வாய்க்குப் பொருந்துதா கடிக்க முடியுமான்னு பார்த்துத்தானே கட்டறீங்க, இதையும் அப்படிப் பாருங்கன்னேன். அப்புறம் அவரே ஒரு மேஜையை இழுத்துப் போட்டு, இருந்திருந்தால்னு ஒரு அட்டை எழுதி வச்சார்.

மார்க் போட வந்தவர் கப்பல்ல இருந்து நிஜமாவே விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். றெக்கையை மடிச்சுப் பார்த்தார், கொக்கியை விரலால தொட்டுப் பார்த்தார், உடம்பு ஏன் நீளம்னு சரியா அங்கயே வந்து கேட்டார். பெரிசா ஏதாவது கதை விட்டிருக்கலாம், தையலுக்கு விட்டு வெட்டிட்டேன் சார்னு உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, இந்த மாடல் அளவுல அரை இன்ச்னா நிஜத்துல மூணு அடி, மூணு அடிக்கு எரிபொருள் கூடுதலாப் பிடிக்கும், கீழ இறங்கத் தரையே இல்லாத இடத்துல பறக்கறவனுக்கு அதோட அருமை தெரியும்மான்னார். பரிசு ஒரு பாய்மரக் கப்பலுக்குப் போச்சு, போகட்டும், அதுவும் நல்ல கப்பல்தான். மீன்கொத்தி மூணு நாள் அந்த மேஜையில நின்னுச்சு. முன்னாடி வச்ச அட்டையில வடிவமைப்பு என் மகள், வெட்டும் தையலும் அம்மான்னு என் கையெழுத்துலயே எழுதினேன். நிறைய பேர் படிச்சாங்க, நானும் பக்கத்துலயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தர் படிக்கறதையும் பார்த்தேன். எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு, உன்னை நினைச்சும்தான், கொஞ்சம் என்னை நினைச்சும்தான்.

அன்னைக்கு உன் பக்கம் நான் நின்னிருக்கணும். நிக்கல. அதுக்கு உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஒரு வாக்கியம் பேச எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு, பேசி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகல. நீ அவ்வளவு நாள் எடுத்துக்காதே. திங்கக்கிழமை அந்த ஸ்பேனர் படத்தை எடுத்துக்கிட்டுப் போய் மேலாளர் மேஜையில விரிச்சு வை. புஸ்தகத்துல இல்லைன்னு சொன்னா, ஆமா சார் இல்லை, அதனாலதான் கொண்டு வந்தேன்னு சொல்லிட்டு அங்கயே நில்லு.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், உன் கை பட்டதெல்லாம் பத்திரமாப் பறந்து பத்திரமா இறங்கணும். அப்பாவோட ஆசீர்வாதமும் இதுல சேர்த்தி, தனியா எழுதச் சொன்னா கை வலிக்குதாம். முடி வெட்டிக்கப் போறதா சொன்னியே, ரொம்பக் குட்டையா வெட்டாதே.

இப்படிக்கு,
தாமதமா வாயைத் திறந்த உன் அம்மா