விளம்பர இடைவேளையில் நீ கேட்டது

அருணா,

சிலமலையிலிருந்து நீ வருவதற்குள் குரங்கணி ஜீப்பு போய்விடும், அதனால் எழுதி வைக்கிறேன். சாம்பார் அடுப்பில் இருக்கிறது, உப்புக் குறைவு. ஏலக்காய் மூட்டையை எடுக்க ஒச்சப்பன் அண்ணன் நாலு மணிக்கு வருவார்.

டிவியில் படம் வராது, சந்தாவை நிறுத்திவிட்டேன். காசு கட்டிப் பார்க்கிற படத்துக்கு நடுவே விளம்பரம் போட்டார்கள். இப்போது கட்டணத்தையும் ஏற்றிவிட்டார்கள். விளம்பரம் வேண்டாமென்றால் அதற்குத் தனிக் காசாம். நல்ல மனசுக்காரர்கள், விளம்பரம் பார்ப்பதற்கு இன்னும் காசு கேட்கவில்லை.

முன்பெல்லாம் படம் முடியும்வரை நீ ஏலக்காய் பொறுக்கிக்கொண்டே வாய் திறக்காமல் பார்ப்பாய். இப்போது விளம்பரம் வந்தால் போதும், "ஏன் மாமா, அந்த ராத்திரி வேலைய எதுக்கு விட்டீக?" நேற்று நாலு விளம்பரம், நாலு தடவை கேட்டாய். நாலாவதற்குத்தான் கத்தினேன்.

பதில் இதுதான். கோயம்புத்தூர் கால் சென்டரில் விடிய விடிய வெளிநாட்டுக்காரர்களிடம் நான் சொன்னதும் இதேதான்: கட்டணம் ஏறிவிட்டது, விளம்பரம் வேண்டாமென்றால் கூடுதலாகக் கட்டுங்கள். ஒருத்தி, படுக்கையில் கிடக்கிற புருஷனுக்கு இருப்பது இந்த டிவி ஒன்றுதான் என்றாள். எழுதிக் கொடுத்த வரியையே அவளுக்கு மறுபடி படித்தேன். மறுநாள் போகவில்லை.

குரங்கணி எஸ்டேட்டில் பகல் வேலை கேட்கப் போகிறேன்.

பாண்டியராஜ்

மீதிக் காயை நானே பொறுக்கிவிட்டேன். வெடித்த காய் கலந்திருக்கும், மூட்டை கட்டுமுன் ஒரு தடவை பார்.

வெளியே போனால் சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கட்டும்.

வேறு கேள்வி இருந்தால் சாயங்காலம் கேள். இனி விளம்பரத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.