லார்சனும் எங்கள் வீட்டுப் பெயரும்

மார்ச் 14, சனி

மருமகள் அன்னாவின் முன்னோர் ஸ்வீடனிலிருந்து லண்டனுக்கு வந்தவர்கள். காலையில் நூலகத்தில் அவர்களைப் பழைய பதிவேடுகளில் தேடினோம். தகப்பன் லார்ஸ் பீட்டர்சன். மகன் யோஹான் லார்சன்.

"இது வேற குடும்பம், அம்மா," என்றான் என் மகன் சேந்தன்.

"இல்லையடா. லார்ஸின்ர மகன் லார்சன். தகப்பன்ர பேர்தான் பின்னால வாறது, எங்களை மாதிரி."

அன்னா என்னைக் கட்டிக்கொண்டாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் சேந்தன் என்றுதானே பின்னால் வரும் என்று கேட்டேன்.

"இல்லையம்மா, என்ர அப்பான்ர பேர்தான்," என்றான் சேந்தன். "இஞ்ச அதுதானே எங்கட சர்நேம், குடும்பப் பேர்."

முறைப்படி, போன வருடம் காலமான என் கணவரின் பெயர் சேந்தனோடு நின்றுவிட வேண்டும். லார்சனுக்காக அவனைத் திருத்திய நான், இதைத் திருத்தவில்லை.