துஷாரா வரைந்த பன்னிரண்டு அறைகள்

அன்பு மகள் துஷாராவுக்கு,

இங்கே ஹவுகன்ஸ்டுவாக் குளிரில் அப்பாவும் தம்பி கவிசனும் நானும் உடம்பளவில் சுகம், நீயும் வேலைக்குப் போன அந்த வெயில் நாட்டில் சுகமாக இருக்க அம்மன் துணை நிற்கட்டும். அப்பாவின் சீனி வருத்தம் அடங்கித்தான் இருக்கிறது, ஆனால் இந்தக் கிழமை முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் நீதான் பிள்ளை, எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோடையில் வந்தபோது நீ விட்டுப்போன கட்டட வரைபடத்தை, மூலையில் உன் பெயர் இருக்கிறதே என்று, சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தேன். வருகிற எல்லோரையும் அதன் முன்னால் நிறுத்தி, மகள் வேலை செய்கிற நாட்டின் அதிபருக்கு அவள் கட்டுகிற உள்நாட்டு அமைச்சுக் கட்டடம் இது, ஒரு பூவேலை கூட இல்லாத வெள்ளைக் கொங்கிறீட், எட்டு மாடிக்கும் கண்ணாடி, ஆட்சியில் ஒளிவுமறைவு இல்லை என்று காட்டத்தான் கண்ணாடி என்று, நீ சொன்னதை அப்படியே ஒப்புவிப்பேன். நிலத்துக்குக் கீழே இருக்கும் பன்னிரண்டு சின்ன அறைகளைக் காட்டி, இது சமைக்கிற குசினிப் பகுதி என்று நானாகவே சேர்த்துச் சொல்வேன். பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் மீன் வெட்டியவள் நான், தரை சரிந்து நடுவில் வடிகால் இருந்தால் கழுவிவிடுகிற இடம் என்று எனக்குத் தெரியாதா.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பஸ் ஓட்டும் ஞானரட்ணம் வந்தார், கொழும்பில் இரண்டு வருடம் தடுப்புக் காவலில் இருந்தவர். அவருக்கும் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "குசினிக்கு வெளியாலை தாழ்ப்பாள் போடமாட்டினம் அக்கா, என்னை வைச்சிருந்த இடமும் மேலை நல்ல வடிவான கட்டடம்தான்" என்றார். தேத்தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டார். எனக்கு வெட்கத்தில் வாசல்வரை போய் வழியனுப்பக்கூட முடியவில்லை.

கேட்டதைத்தானே அக்கா வரைந்தாள் என்று கவிசன் உனக்காகக் கதைக்கிறான். ஆனால் அந்த அதிபர் பதினேழு வருடமாகத் தேர்தல் வைக்காததும், எதிர்த்து எழுதியவர்கள் காணாமல் போவதும் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, தண்ணீர் வடிய எந்தப் பக்கம் எவ்வளவு சரிவு வேண்டும் என்று அளந்து கோடு போட்டிருக்கிறாய். உன்னைப் பெற்ற வயிறு எரிகிறது. படத்தைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன், எறியவும் மனம் வரவில்லை.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, நேரத்துக்குச் சாப்பிடு. மறக்காமல் பதில் போடு, அதில் எங்கள் சுகம் விசாரிக்க வேண்டாம், அந்த அறைகள் எதற்கு என்று மட்டும் உன் கைப்பட எழுது. என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, நீ கட்டுகிற அந்தக் கட்டடத்துக்கு இல்லை.

இப்படிக்கு,
அம்மா சிவநாயகி