டிரெசர் ஐயா ஜெயித்த கதையும் உங்கள் பெயரும்

உ

மூணாங்கட்டைத் தோட்டம்,
மஸ்ஜித் தானா சாலை, மலாக்கா.
20-9-1959, ஞாயிறு.

மாமாவுக்கு,

உங்கள் வேலாயி தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோணிக்கொண்டு போகிறதே என்று சிரிக்க வேண்டாம். இத்தனை வருஷமாக நான் சொல்லச் சொல்ல கணேசமூர்த்தி வாத்தியார்தான் எழுதினார். போன வருஷத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பெண்களுக்கும் வகுப்பு எடுக்கிறார். இங்கே நானும் நம் மகள் சுசீலாவும் சுகம். அவள் என் தோள் உயரம் வந்துவிட்டாள், வாய் மட்டும் என்னைவிட நீளம். துறையூரில் மழை உண்டா? உங்கள் இருமல் விட்டதா? அரிசி மில் தூசியில் நின்றுகொண்டு இருமல் இல்லை என்று எழுதினால் நான் நம்பமாட்டேன்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தீர்கள். இந்தத் தேர்தலில் ஜெயித்துப் பார்லிமெண்டுக்குப் போயிருக்கும் விஜயரட்ணம் என்பவர், மருந்துப் பெட்டியோடு சைக்கிளில் வருவாரே நம் தோட்டத்து டிரெசர், அவர்தானா? நீங்கள் திரும்பி வருவதற்கான மனுவை அவரிடம் நம்பிக் கொடுக்கலாமா? உடனே பதில் போடாததற்குக் கோபிக்காதீர்கள். ஏற்கெனவே இரண்டு மனு போட்டோம், இரண்டும் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதும் திரும்பினால் இனி யார் வாசலில் போய் நிற்பது? அதனால் அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தோண்டித் துருவிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே, ஒன்றைக் கேட்க ஆரம்பித்தால் விடமாட்டேன்.

ஆள் அவரேதான். தலை பாதி நரைத்துவிட்டது. சைக்கிள் மட்டும் அதே சைக்கிள்.

நாற்பத்தெட்டில் உங்களையும் மற்றவர்களையும் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, தடுப்பு முகாமில் இருந்தவர்களுக்கு வீட்டுக்காரிகள் சார்பில் அவர்தான் கடிதம் எழுதிக் கொடுத்தார். தொரைக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாம் மாதம் வேலை போயிற்று. மலாக்கா டவுனில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கும் வேலைக்குச் சேர்ந்தார். சிலோன் ஆட்களுக்கு ஆபீஸ் உத்தியோகமும் பென்ஷனும் இருந்தால் போதுமே, இவருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று அவர் சொந்தக்காரர்களே திட்டினார்களாம்.

ஐம்பத்திரண்டில் நகரசபைக்கு நின்றார். பதினோரு ஓட்டில் தோற்றார். மறு வருஷம் அதே வட்டாரத்தில் நின்று ஜெயித்தார். ஐம்பத்தைந்தில் பெரிய தேர்தல் வந்தது, கோலாலம்பூர் சபைக்கு. அதில் படுதோல்வி. தோற்ற மறுநாள் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக, மலாய்க்காரர் கம்பம் கம்பமாகப் போய் நன்றி சொன்னார். தோத்துப்போன ஆளு நன்றி சொல்ல வர்றாரே, புத்தி கித்தி பிசகிடுச்சா என்று நம் லயத்தில் எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இந்த வருஷம் இரண்டு தடவை எண்ணி, முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார்.

எப்படி ஜெயித்தார் என்பதுதான் எனக்கு மண்டையைக் குடைந்தது. சாப்பாட்டுக் கடை சுப்பனைக் கேட்டேன். எல்லாம் நேரம்லா என்றார். உம்பாயிலிருந்து மீன் கொண்டுவரும் மலாய்க்கார அம்மாவைக் கேட்டேன். தன் மகன் கையைத் தூண்டில் முள் கிழித்தபோது தைத்துவிட்டவர் அவர் என்றும், தன் கம்பத்தில் பாதிப் பேர் உடம்பில் அவர் போட்ட தையல் இருக்கிறது என்றும் சொல்லிச் சிரித்தார். சீனர் கடை முதலாளி தவுக்கே, தோற்றபோது நன்றி சொல்ல வந்த ஒரே ஆள் அவர்தான், அதனால் போட்டேன் என்றார். பாருங்கள், நாம் சிரித்த காரியத்துக்கு ஓட்டு விழுந்திருக்கிறது.

ஆனால் உண்மையான காரணம் அவர் மனைவி சந்திராதேவி அக்காவிடம்தான் கிடைத்தது. ஐம்பத்தைந்தில் அக்கா லாரியில் ஒலிபெருக்கியோடு ஓட்டுக் கேட்க வந்தார். எங்கட ஆளுக்குப் போடுங்கோ, இவருக்குப் போடுங்கோ என்றே ஊரெல்லாம் கத்திக்கொண்டு போனார். எவருக்கு அக்கா என்று நாங்கள் கேட்டால், அரிக்கன் லாம்பு படத்தைத் தூக்கிக் காட்டுவார். அதுதான் டிரெசர் ஐயாவின் சின்னம். செத்தாலும் புருஷன் பெயர் வாயில் வராது! அவர் படித்தவர், டவுன்காரர், அவருக்கே அப்படி என்றால் எங்களை என்ன சொல்வது?

அதைப் பார்த்தபோதுதான் டிரெசர் ஐயாவுக்குப் பொறி தட்டியதாம். தோற்ற பிறகு வாக்காளர் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, வீடு வீடாகச் சரிபார்த்திருக்கிறார். நம் தோட்டத்தில் ஓட்டுரிமை உள்ள பெண்கள் எண்பது பேருக்கு மேல். பட்டியலில் இருந்ததோ பத்தொன்பது. பெயர் பதிய வந்த குமாஸ்தா புருஷன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். நம் பெண்கள் சொல்வார்களா? புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்றல்லவா வளர்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி முந்தானையைக் கடித்தாள், பக்கத்து வீட்டு ராஜம்மா சாமி படத்தைக் காட்டினாள். குமாஸ்தா அந்த இடத்தைக் காலியாக விட்டார். காலியாக இருந்த பெயரெல்லாம் பட்டியலில் ஏறவே இல்லை.

போன வருஷம் திரும்பவும் பதிவு வந்தது. டிரெசர் ஐயா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பெண்களை இரண்டிரண்டு பேராக நிற்கச் சொன்னார். உன் புருஷன் பெயரை நீ சொல்ல வேண்டாம், பக்கத்தில் நிற்பவள் சொல்லட்டும், அவளுடையதை நீ சொல்லு என்றார். அட, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது! அன்றைக்குக் களத்தில் ஒரே சிரிப்பு. ஏற்கெனவே இருந்ததோடு சேர்த்து எழுபத்தாறு பெயர் ஆயிற்று. பக்கத்துத் தோட்டங்களிலும் இதே மாதிரிதான். முந்நூற்றுப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

மாமா, இனி எழுதப்போவதை வாத்தியார் கையால் எழுதச் சொல்ல என்னால் முடியவில்லை. எழுதப் படிக்கக் கற்றதே இதற்காகத்தான்.

அந்த வரிசையில் எனக்கு ஜோடி ராஜம்மா. அவள் புருஷன் பெயரை நான் பட்டென்று சொல்லிவிட்டேன். அவள் முறை வந்தபோது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேசைக்குப் பின்னால் போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கியோடு நின்றார். நாடு கடத்தப்பட்ட ஆளின் பெயரைச் சொல்ல அவளுக்குப் பயம். அவள் மேல் குற்றமில்லை, சடக்கு ரோட்டில் இன்னும் லாரியை நிறுத்திச் சோதிக்கிற காலம்தானே. பரவாயில்லை வேலாயி, பிறகு பார்க்கலாம் என்றார் டிரெசர் ஐயா.

உங்களைக் கொண்டுபோன நாள் எனக்குக் கண்முன் வந்து நின்றது. அதே களம். நீங்கள் லாரியில், கை கட்டப்பட்டு. அவர்கள் தேடி வந்தது யூனியன் சிவசாமியை, அவர் விடிவதற்குள்ளேயே ஓடிவிட்டார். நான் சிவசாமி இல்லை என்று நீங்கள் கத்தினீர்கள். சார்ஜண்ட் என்னிடம் திரும்பி, உன் புருஷன் பேர் என்ன என்று கேட்டார். ஒரு வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்லு புள்ள, சொல்லு என்று நீங்கள் லாரியிலிருந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வாய் திறக்கவில்லையே நான்! சொன்னால் உங்கள் ஆயுசு குறைந்துவிடும் என்று ஊமை மாதிரி நின்றேன். பெண்சாதியே மறைக்கிறாள், இவன்தான் சிவசாமி என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

நம் இரண்டு மனுவும் ஏன் திரும்பின என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பெயரில் யாரையும் அனுப்பவில்லை என்றுதான் இரண்டு தடவையும் பதில் வந்தது. சிவசாமியைத்தானே கப்பலேற்றியிருக்கிறார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு கடிதத்திலும் நீங்கள் அதை எழுதவில்லை. வாத்தியார் படித்துக் காட்டுவார், நான் தலைகுனிந்து போவேன் என்றுதானே? பாவி நான், நானும் சொல்லவில்லை.

அதனால் அன்று மேசை முன்னால் நான் சொல்லிவிட்டேன். உங்கள் பெயரை நானே, எல்லாருக்கும் கேட்கும்படி, இரண்டு தடவை. போலீஸ்காரர் ஒன்றும் செய்யவில்லை. குமாஸ்தா எழுதிக்கொண்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு உங்கள் கடிதம் வர இரண்டு மாதம் ஆயிற்றே, அப்போது நான் பட்ட பாடு அந்த மாரியம்மனுக்குத்தான் தெரியும். பிறகு, வெறும் காய்ச்சல்தான், இப்போது நலம் என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

மனுவைக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கொடுத்துவிட்டேன். ஜெயித்த பிறகும் நன்றி சொல்ல வந்தார். பழைய பதில்கள் இரண்டையும் படித்துவிட்டு, ஏன் அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். இத்தனை வருஷத்தில் ஏன் என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். எல்லாவற்றையும் சொன்னேன். வருவார் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன், கேட்காமல் விடவும் மாட்டேன் என்றார். சிவசாமி என்று நினைத்துக் கொண்டுபோனது வேறு ஆளை என்று நான் மலாக்கா கோர்ட்டில் சத்தியம் செய்ய வேண்டுமாம். வருகிற வியாழக்கிழமை போகிறேன். சந்திராதேவி அக்கா துணைக்கு வருகிறார். நான் கோர்ட்டில் சொல்லிவிட்டால், தானும் அடுத்த தேர்தலில் ஒலிபெருக்கியில் புருஷன் பெயரைச் சொல்லிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இத்தனை நாளும் உறையின் மேல் வாத்தியார்தான் விலாசம் எழுதினார். இந்தத் தடவை நானே எழுதியிருக்கிறேன். உங்கள் பெயரும் என் கையெழுத்துதான். பெயர் சொல்லிக் குறைகிற ஆயுசு எதுவாக இருந்தாலும் ஆத்தா அதை என் ஆயுசிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் நூறு வயசு இருந்து, ஒரு நாள் இந்தச் சடக்கில் இறங்கி நடந்து வாருங்கள். லயத்து வாசலிலிருந்தே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், காளிமுத்து மாமா.

மன்னிப்பு வேண்டிக் காத்திருக்கும்,
வேலாயி