காது நீண்டவனும் பேத்தியின் முதல் சொல்லும்

அன்புள்ள ரோசெனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம், என் முழங்கால் வலியும் அவருடைய வீம்பும் மட்டும் பழையபடியே இருக்கின்றன. அங்கே நீயும் மாப்பிள்ளை தோர்லைஃபும் குட்டி சுன்னிவாவும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை படித்துக் காட்டினேன், அப்பா வலை தைத்தபடி கேட்காதவர்போலக் கேட்டார். ஞானஸ்நானத்துக்கு இருவரும் வர வேண்டும் என்ற இடம் வந்ததும், "நீ போய்ட்டு வா, எனக்குப் படகுல வேலை கிடக்கு" என்றார். போன கோடையில் மாப்பிள்ளை குழந்தையின் துணிப் பொம்மையோடு நம் படகில் ஏறி, புல்வெளியில் துள்ளி ஓடி வளைக்குள் ஒளியும் அந்தக் காது நீண்ட பிராணியின் பெயரை உரக்கச் சொன்னாரே, அதை மனிதர் இன்னும் மறக்கவில்லை. படகில் அந்தப் பெயரைச் சொன்னால் கடல் பொறுக்காது என்று நம் கரையில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும், பாவம் நார்வேக்காரருக்கு யார் சொன்னார்கள்? நீதான் சொல்லி வைத்திருக்க வேண்டும். அன்று படகைத் திருப்பிப் பொம்மையைக் கொட்டகையில் வீசியவர், மாப்பிள்ளையோடு பேச்சையும் நிறுத்திவிட்டார், அவர் வீட்டு வாசலை மிதிக்கவே மாட்டாராம்.

பிறகு, குழந்தையின் முதல் சொல் "மோர்" என்று படித்தேன். ஊசி நின்றது. நம் பிரெத்தோன் மொழியில் கடலுக்கு அதுதானே பெயர்! "பாத்தியா, என் பேத்தி கடலைக் கூப்பிடுறா! நம்ம ரத்தம்டி!" என்று எழுந்தே விட்டார். அங்கே அது அம்மாவைக் கூப்பிடும் சொல் என்றேன். நம் பிரெத்தோன் சொல்லைத்தான் அவர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சாதித்தார். கொட்டும் மழையில் நூலகத்துக்குப் போய், அங்கே வேலை பார்க்கும் உன் சிநேகிதி அசெனோரை அகராதி எடுக்க வைத்தார். நம்முடையது லத்தீன்காரர்கள் கடலுக்குச் சொல்லும் சொல்லுக்கு உறவாம், அவர்களுடையது அம்மாவுக்கான நீளமான சொல் வாயில் தேய்ந்து சுருங்கியதாம், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மீசையில் மண் ஒட்டாதவராகத் திரும்பி வந்து, "யாரைக் கூப்பிட்டா என்ன, புள்ள பேச ஆரம்பிச்சிருச்சு. நம்ம குரலையும் அது கேக்க வேணாமா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

ஆகவே பன்னிரண்டாம் தேதிக் கப்பலில் வருகிறோம். வெண்ணெய்க் கேக் கொண்டு வருகிறேன், குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. இன்னொன்று, நேற்றுக் காலை கொட்டகைக்குப் போனால் உன் அப்பா அந்தப் பொம்மைக்குச் சோப்புப் போட்டுத் துவைத்துக்கொண்டிருக்கிறார். என் பெட்டியில் வைக்கிறேன் என்று கேட்டேன், தரவில்லை. தன் கோட்டுப் பையிலேயே கொண்டு வருவாராம். நாற்பது வருஷம் கடலில் போனவர்! "கப்பல்ல மட்டும் அது பேரைச் சொல்லித் தொலைச்சிடாதே" என்கிறார்.

புனித அன்னம்மாள் உங்கள் மூவரையும் காக்கட்டும். மாப்பிள்ளையைத் துறைமுகத்துக்கு வரச் சொல். நாங்கள் கரையில் கால் வைக்கும்வரை அவர் வாயைத் திறக்க வேண்டாம், முதலில் பேசப்போவது உன் அப்பாதான்.

என்றும் உன் அம்மா,
சுவாசிக்