அப்பாவுக்குச் சொன்ன ‘பார்க்கலாம்’

மார்ச் 2, திங்கள்

காலையில் பல் தேய்த்தேனா என்று மதியம்தான் யோசித்தேன். இல்லை. வீட்டிலிருந்து வேலை.

மார்ச் 3, செவ்வாய்

நான் எழுதும் ஏஐ ஏஜென்ட் இன்று மானத்தை வாங்கிவிட்டது. ஆட்களின் மெசேஜைப் படித்து, அதுவே பதில் போட்டு, நேரம் குறித்துவைக்க வேண்டும். ஒரு பல் மருத்துவமனையில் ஓடவிட்டோம். “நாளைக்கு வர்றீங்களா?” என்று கேட்டதற்கு “பார்க்கலாம்” என்றவர்கள் எல்லோருக்கும் நேரம் ஒதுக்கிவிட்டது.

“ஒரு ஈ காக்கா வரலையாம்” என்றார் மேனேஜர். வெள்ளிக்கிழமை பத்து மணிக் கூட்டத்தில் நான் பதில் சொல்ல வேண்டும்.

மார்ச் 4, புதன்

பக்கத்து அறையிலிருந்து அப்பா மெசேஜ். காது மந்தமானதிலிருந்து எங்கள் பேச்சு பாதி போனில்தான். நடுவில் ஒரே ஒரு சுவர்.

“வெள்ளிக்கிழமை காலையில காது டாக்டர். ஆபரேஷன் வேணுமான்னு சொல்லுவாராம். கூட வாம்மா.”

போன முறை தனியாகப் போனார். டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, ஒன்றும் விளங்காமல் திரும்பி வந்தார்.

“பார்க்கலாம்ப்பா” என்று போட்டேன்.

மார்ச் 5, வியாழன்

‘பார்க்கலாம் என்றால் மறுப்பு’ — ஏஜென்டுக்கு விதி எழுதியாயிற்று. சோதித்துப் பார்க்க என் போனையே அதனோடு இணைத்து, என் மெசேஜ்களையே கொடுத்தேன். பதில் அனுப்புவதை நிறுத்திவைக்க மறந்து தொலைத்தேன்.

அப்பாவுக்குப் போய்விட்டது: “வெள்ளிக்கிழமை வர இயலாது. மன்னிக்கவும்.”

ஓடினேன். நாளைக்குப் போட்டுக்கொள்ளும் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். காதருகே குனிந்து, “அது நான் அனுப்பலப்பா. மெஷின் தப்பா புரிஞ்சுக்கிச்சு” என்றேன்.

“தப்பா எங்க புரிஞ்சுச்சு? நீ பார்க்கலாம்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்மா.”

குரலில் கோபமே இல்லை. மறுபடி ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டார்.

எத்தனை தடவை சொல்லியிருப்பேன் இதை? மெஷினுக்குப் புரிய வைக்க ராப்பகலா மாரடிக்கிறேன் — இவருக்கு எப்பவோ புரிஞ்சு போச்சு. சோர்வா இருக்கு. எனக்கே என்னைப் பிடிக்கல.

மார்ச் 6, வெள்ளி

டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் சட்டையில் அந்தப் பொத்தான் மட்டும் வேறு நிறம். மேனேஜர் மெசேஜ்: “பத்து மணிக்கு வந்துடுவீங்கல்ல?”

“பார்க்கலாம்” என்று போட்டேன்.

ஏஜென்டை இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. அடுத்த நொடி அதுவே அவருக்கு அனுப்பியது: “வர இயலாது. மன்னிக்கவும்.” நான் திருத்தப் போகவில்லை.

உள்ளேயிருந்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவருக்குக் கேட்கவில்லை. நான் தோளைத் தொட்டு எழுப்பிக் கூட்டிப்போனேன்.